எதிர்க்கடை நாற்காலி

அவருடைய சலூனுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் கொஞ்சம் திகைத்துப்போவார்கள். சவரத்துக்கு உட்கார்ந்ததும் மூக்கை இடிக்கிற தூரத்தில் ஒரு புது பிளேடை நீட்டுவார். "பார்த்துக்குங்க, புதுசு" என்பார். உறையைப் பிரிப்பார். பிரித்த காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் பிளேடு கத்தியில் ஏறும். "நம்புறேங்க, ஆரம்பிங்க" என்று வந்தவர் கெஞ்சினாலும் விட மாட்டார். தெருவில் அவருக்குப் புதுபிளேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"பேர்தான் புதுபிளேடு. பேச ஆரம்பிச்சா பழைய பிளேடு, அறுத்துத் தள்ளிடுவாரு" என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் கிண்டல் செய்வார். புதுபிளேடும் சிரிப்பார். ஆனால் அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், சிரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சீப்பைக் கழுவப் போய்விடுவார்.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் வேலை செய்வார். மற்றொன்றின் மேல் எப்போதும் ஒரு பழைய துணி மூடியிருக்கும். ஒரு காலத்தில் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவரை எல்லாரும் இடக்கை என்று கூப்பிட்டார்கள். கத்தரி, சீப்பு, கத்தி எல்லாமே அவருக்கு இடது கைதான். வயதில் இளையவர். புதுபிளேடை "அண்ணே, அண்ணே" என்று சுற்றிச் சுற்றி வருவார். ஒருவர் தலையை மற்றவர் வெட்டிக்கொள்வார்கள். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவனால் தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாதே.

எதற்குச் சண்டை வந்தது என்று சொன்னால் இருவருக்குமே வெட்கமாக இருக்கும். மின்விசிறி யார் நாற்காலியைப் பார்த்துச் சுழல வேண்டும் என்பதில் ஆரம்பித்தது. வெயில் காலம் முடிவதற்குள் அது எங்கெங்கோ போய், இடக்கை வெளியேறி எதிர் வரிசையில் சொந்தக் கடை திறந்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. வாடிக்கையாளர்களை இழுக்க அவர் ஒரு பேச்சை விட்டார்: "அந்தக் கடையில ஒரே பிளேடை ரெண்டு பேருக்குப் போடுறாங்க."

சலூன்காரனுக்கு இதைவிடப் பெரிய பழி இல்லை. பாதிப் பேர் அப்போதே தெருவைக் கடந்துவிட்டார்கள். மீதிப் பேருக்காகத்தான் அவர் பிளேடு உறையைக் காட்ட ஆரம்பித்தார். பொய் எல்லாருக்கும் மறந்துபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அவர் கைக்கு மட்டும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் முடி வெட்டிக்கொள்ள பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போவார். இடக்கையை நேராகப் பார்ப்பதே இல்லை. ஆனால் தினமும் பார்ப்பார், கண்ணாடியில். வாடிக்கையாளரின் தலைக்கு மேலே, சுவர்க் கண்ணாடியில், திறந்த வாசலும் தெருவும் எதிர்க்கடையும் தெரியும். கண்ணாடியில் பெயர்ப்பலகையின் எழுத்துகள் இடம்வலம் மாறி ஓடும். இடக்கை அதில் வலது கையால் வெட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கண்ணாடியில் அந்த வலது கையில் வெள்ளையாக மாவுக்கட்டு தெரிந்தது. புதுபிளேடின் கத்தரி நின்றுவிட்டது.

"மாடிப்படியில வழுக்கிட்டாராம்" என்றார் உட்கார்ந்திருந்தவர். "மணிக்கட்டு. அதுவும் இடது. எப்ப கூடும்னு டாக்டரே சொல்லலையாம்."

"அடப் பாவமே" என்றார் புதுபிளேடு. உண்மையாகவே சொன்னார். ஆனால் அன்று மாலைக்குள் எதிர்க்கடை வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக இங்கே வர ஆரம்பித்ததும் அந்தப் பாவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பெஞ்சில் இடமில்லை. வாசலில் நின்றார்கள். வீட்டுக்குப் போகும்போது அவர் பாட்டு முணுமுணுத்தார். மனைவி கதவைத் திறந்து, "என்னங்க, காது வலியா? முனகுறீங்க?" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகமும் மலர்ந்தது. அந்த வார இறுதியில் மூடியிருந்த நாற்காலியின் துணியை எடுத்துத் துவைத்து மடித்து வைத்தாள். "ஒரு ஆளை வேலைக்கு வெச்சுக்கலாம்" என்றாள்.

இடக்கை மட்டும் தினமும் கடையைத் திறந்தார். மூடி வைத்தால் ஊர் மறந்துவிடும் என்ற பயம் போல. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் தானே உட்கார்ந்து, ஒரே கையால் செய்தித்தாளை விரிப்பார். பக்கம் திருப்புவது கஷ்டம். அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதுவும் கண்ணாடியில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்தது. புதுபிளேடு எழுந்து நின்றார். சபை நடுவில் பேசிப் பழக்கமில்லாததால் வரும் வழியிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார்.

"கர்த்தர் இந்த நாட்கள்ல எங்க கடையை ரொம்ப ஆசீர்வதிச்சிருக்கார். பெஞ்சுல உட்கார இடமில்லாத அளவுக்கு ஆள் வர்றாங்க. ஏன்னா..."

அவ்வளவுதான். அந்த 'ஏன்னா'வுக்குப் பின்னால் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதற்கு மாவுக்கட்டு போட்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், உட்கார்ந்துவிட்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து பின்வரிசையில் ஒரு அம்மா "ஸ்தோத்திரம்" என்றார். சிலர் கைதட்டினார்கள். அவருக்குக் காது சுட்டது.

ஆராதனை முடிந்ததும் போதகர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். புதுபிளேடும் ஒரு பக்கம் பிடித்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். இன்னொருத்தன் விழுந்ததால நமக்குத் தொழில் நடந்தா, அது பாவமா? நான் ஒண்ணும் தள்ளிவிடலை."

"பாவம்னு சொல்ல முடியாதே" என்றார் போதகர்.

"அப்ப ஏன் எனக்கு வார்த்தை வரல?"

போதகர் நாற்காலியைக் கீழே வைத்தார். "அண்ணே, நாம இயேசுவோட பின்னால போறோம்னு சொல்றோம். சொல்லிட்டு வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கிடறோம். அவர் போய்க்கிட்டே இருக்கார். எந்தப் பக்கம் போறார்னு மட்டும் பாருங்க. பாவமா இல்லையாங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்."

எந்தப் பக்கம் என்று புதுபிளேடுக்கு யோசிக்கத் தேவையே இல்லை. அந்தப் பக்கத்தைத்தான் அவர் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் கடைக்கு விடுமுறை. இடக்கை அன்றைக்கு வேண்டுமென்றே திறந்து வைப்பார். இவருடைய விடுமுறையில் நாலு தலை அதிகம் கிடைக்கட்டும் என்று. புதுபிளேடு கத்தரி, சீப்பு, பிளேடுப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். அகலமான தெரு இல்லை. ஆனாலும் நடுவில் ஒரு தடவை நின்று பையைக் கை மாற்றிக்கொண்டார்.

இடக்கை செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்க" என்றார். 'அண்ணே' இல்லாத அந்த மரியாதை அறைந்தது போலிருந்தது. "என்ன, எப்படி இருக்கேன்னு பார்த்துட்டுப் போகவா? பார்த்தாச்சுல்ல?"

"இல்ல. உன் நாற்காலியில நின்னு வெட்டலாம்னு வந்தேன். செவ்வாய்க்கிழமை முழுக்க. மத்த நாள்ல மத்தியானத்துக்கு மேல."

"எதுக்கு?"

"உன் கை கூடுற வரைக்கும் கடை ஓடணும்ல."

இடக்கை சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "கொஞ்ச பேரு உங்ககிட்ட வந்துட்டாங்க. மிச்சம் இருக்கறவனையும் இங்கேயே வந்து அள்ளிட்டுப் போறதா திட்டமா?"

புதுபிளேடுக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. "வர்ற காசு உன் டிராயர்ல போகும். நான் தொட மாட்டேன்" என்றார்.

"காசை விடுங்க. உங்க கை பழகிட்டா அப்புறம் எவன் என்கிட்ட வருவான்?"

அந்த நேரத்தில் தபால்காரர் உள்ளே நுழைந்தார். வருடக்கணக்காக இடக்கையிடம் வெட்டிக்கொள்கிறவர். இருவரையும் ஒரே அறையில் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "நான் வேணும்னா அப்புறமா வரட்டுமா? சண்டை முடிஞ்சதும்?"

"உட்காருங்க" என்றார் இடக்கை, எழுந்து இடம் விட்டு. "இன்னைக்கு வெளியாள் வெட்டுறாரு."

புதுபிளேடு துணியைப் போர்த்தினார். கத்தரி கைக்கு வந்ததும் படபடப்பு போய்விட்டது. எப்போதும் போல வெட்டினார். வகிட்டை அழகாக மாற்றி எடுத்தார். இடக்கையைப் போல வளைவாக விடாமல், பிடரியில் கோடு போட்டது போல நேராக முடித்தார். தபால்காரர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அட! என் மூஞ்சி இவ்வளவு நல்லாவா இருக்கு? இத்தனை நாள் தெரியாம போச்சே. அடுத்த தடவை உங்க கடைக்கே வந்துடறேண்ணே."

புதுபிளேடின் உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு! அவர் கண்ணாடியில் இடக்கையின் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அது தெருவுக்கு அந்தப் பக்கம் இல்லை. தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. சொன்னேனே என்பது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"போனதே தப்பு. போயிட்டு, நல்லா வெட்டினது தப்புன்னு வேற அழுவுறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"உதவி செய்யப் போய் திருடிட்டு வந்துட்டேன்டி."

"அவன் உங்களைப் பத்திச் சொன்னதை மறந்துட்டீங்களா?"

"மறக்கல. மறந்திருந்தா போறது சுலபமா இருந்திருக்கும்."

மெஷின் நின்றது. அவள் ஏதோ சொல்ல வந்து, நூலைக் கடித்துத் துண்டித்தாள்.

அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தன்னை வெறுத்துத் தன் சிலுவையைச் சுமந்து பின்னால் வரவேண்டும் என்று இயேசு சொன்னதை அவர் சிறுவயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் ஊரை விட்டுப் போய் ஊழியம் செய்கிறவர்களுக்கு, உயிரைக் கொடுக்கிறவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தார். ஒருவன் பிடரியில் முடியை நேராக முடிப்பதா வளைவாக முடிப்பதா என்பதில் அது வந்து நிற்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையை மூடிவிட்டு மறுபடியும் தெருவைக் கடந்தார்.

"உன்னை மாதிரி வெட்டக் கத்துக்கொடு" என்றார்.

இடக்கை காதைச் சாய்த்துக் கேட்டார். "என்னது?"

"என் கை வேண்டாம். உன் கை மாதிரி வெட்டுறேன். கட்டைப் பிரிச்சதும் அவங்களுக்கு வித்தியாசமே தெரியக் கூடாது. நீ பக்கத்துல நின்னு சொல்லு."

"வேற வேலை இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. பெஞ்சு நிறைய இருந்த ஆளை எழுப்பி அனுப்பிட்டு வந்திருக்கேன்."

அது பொய்யில்லை. வந்தவர்களிடம் "எதிர்க்கடைக்குப் போங்க, அங்கேயும் நான்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும், "தலைவலி மாத்திரை தரட்டுமாண்ணே? இல்ல வேற மாத்திரையா?" என்று கேட்டார்.

புதியதைக் கற்றுக்கொள்வதைவிடப் பழகியதை விடுவது கஷ்டம். இடக்கை எப்போதும் இடது காதில் ஆரம்பித்துச் சுற்றி வருவார். புதுபிளேடின் கால்கள் தானாக வலப்பக்கம் போகும். "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று இடக்கை நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். பிடரியை இடக்கை வளைவாக, கொஞ்சம் கலைந்தாற்போல விடுவார். புதுபிளேடின் கண்ணுக்கு அது பாதியில் விட்ட வேலை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவர் கத்தி கோட்டை நேராக்கத் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

"என்னண்..." என்று ஒரு நாள் இடக்கை ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "என்ன, முகம் அப்படிப் போகுது? வயித்து வலியா?"

"உன் பிடரிக் கோட்டைப் பார்த்தா அப்படித்தான் வருது."

இடக்கை சிரித்துவிட்டார். இந்தத் தடவை நல்ல சிரிப்பு. நாற்காலியில் இருந்தவரும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

ஒரு மாலை மனைவி அவர் பையைத் திறந்து பார்த்தாள். எதிர்க்கடையின் துண்டு ஒன்று தவறிப்போய் உள்ளே வந்திருந்தது. மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஒத்தைக் கையால எப்படித் துவைப்பான்? அங்க இருக்கறதை எல்லாம் கொண்டு வாங்க. இந்த அழுக்கைப் போட்டு வெட்டினா உங்க மானம்தான் போகும்." அதற்குப் பிறகு அவள் வீட்டுக் கொடியில் இரண்டு கடைத் துண்டுகளும் கலந்து காய்ந்தன. அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவள் நிறுத்திவிடுவாள் என்று தெரியும்.

எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவருக்கு ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. சவரத்துக்கு யார் உட்கார்ந்தாலும் பிளேடை முகத்துக்கு நேராக நீட்டினார். "பார்த்துக்குங்க, புதுசு." காகிதத்தை இரண்டு பக்கமும் காட்டினார். முதல் தடவை அதைப் பார்த்தபோது இடக்கை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் சவரத்துக்கு வந்தார். "எதுக்குண்ணே இந்தக் காகிதத்தை இப்படிக் காட்டுறீங்க? காகிதத்தை நீட்டுறது தபால்காரன் என் வேலையாச்சே?" என்று கேலி செய்தார்.

புதுபிளேடு நுரையைத் தடவினார். வாசலில் இருந்து குரல் வந்தது.

"நான் ஒரு பொய் சொன்னேன்."

தபால்காரர் நுரை முகத்தோடு திரும்பினார்.

"இவரு ஒரே பிளேடை ரெண்டு பேருக்குப் போடுறாருன்னு ஊரெல்லாம் சொன்னேன். அப்படி ஒரு நாளும் செஞ்சதில்ல. கூட நின்ன எனக்குத் தெரியாதா? உங்ககிட்டயும் நான்தான் சொன்னேன். அன்னையில இருந்து காட்டுறாரு."

புதுபிளேடு கத்தியைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"ஆடாதீங்க" என்றார் தபால்காரரிடம்.

"நான் ஆடலையேண்ணே" என்றார் தபால்காரர் மெதுவாக. "உங்க கைதான்."

புதுபிளேடு கத்தியை மேசையில் வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், நுரை தெறித்துவிட்டது போல. பிறகு கத்தியை எடுத்து, தபால்காரரின் கன்னத்தைச் சுத்தமாக வழித்து முடித்தார்.

கட்டைப் பிரித்த பிறகு இடக்கையின் கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போலிருந்தது. ஒரு பந்தைப் பிசைந்துகொண்டே திரிந்தார். மெல்ல மெல்லப் பலம் வந்தது. வாடிக்கையாளர்களும் மெல்ல மெல்லத் தெருவைக் கடந்து போனார்கள். அவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தபால்காரரும் அங்கேயே போய்விட்டார். புதுபிளேடின் பெஞ்சு பழையபடி காலியானது. மனைவி துவைத்து வைத்திருந்த துணியை இரண்டாவது நாற்காலி மேல் மறுபடியும் விரித்தாள்.

"திருப்திதானே?" என்றாள்.

"கொஞ்சம் வலிக்குது" என்றார் அவர்.

"வலிக்கட்டும்" என்றாள். ஆனால் சொல்லும்போது அவர் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "இதைக் கொஞ்சம் வெட்டிக்கக் கூடாதா? காட்டுல இருந்து வந்த மாதிரி இருக்கு. பஸ் ஏறிப் போறதுக்குக்கூட நேரமில்லையா?"

அவர் பஸ் ஏறவில்லை. தெருவைக் கடந்தார்.

இடக்கை தனியாக இருந்தார். கத்தரியைக் காற்றில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் உழைத்த கை மாலையானால் இன்னும் லேசாக நடுங்கியது. புதுபிளேடு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் இடக்கை.

"வெட்டு."

"இந்த நேரத்துல கை நிக்கலைங்க. ஏதாவது ஆயிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வேற போறவரு நீங்க."

"அங்க யாரும் பிடரியைப் பார்க்கறதில்ல. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருப்பாங்க. வெட்டுடா தம்பி."

இடக்கை துணியை உதறினார். அதில் புதுபிளேடின் மனைவி துவைத்த சோப்பு வாசம் அடித்தது. கழுத்தில் கட்டினார். இடது காதில் ஆரம்பித்தார். ஒரு பக்கம் ஏறியது, ஒரு பக்கம் இறங்கியது. ஒரு இடத்தில் கத்தரி காது மடலைத் தொட்டது. புதுபிளேடு அசையவில்லை. பிடரிக்கு வந்ததும் சத்தம் நின்றது. பிறகு அவர் முகத்துக்கு நேராக ஒரு கை நீண்டது. நடுங்கும் விரல்களில் ஒரு பிளேடு, உறை பிரிக்காமல்.

"பார்த்துக்குங்கண்ணே" என்றார் இடக்கை. "புதுசு."

புதுபிளேடு கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தார்.